வாலண்டைனுக்கு அரைப் பக்கம், ஸ்ப்ராட் சாமியாருக்கு ஒரு வரி கூட இல்லையா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல அயர்லாந்து தலைநகர் டப்ளினைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க, இல்லைங்கல. ஆனா "காதலர் தின நாயகன் உறங்கும் கதீட்ரல்"னு தலைப்பு போட்டு, அரைப் பக்கத்துக்கு சிவப்பு ஹார்ட்டா போட்டு நிரப்பிட்டு, கோயிலைப் பத்தி நாலே வரியில முடிச்சிட்டீங்க. அந்த நாலு வரியிலயும் ரெண்டு தப்பு இருக்கு, சொல்லாம விட்டது அதைவிடப் பெரிசு. எனக்கு எப்படித் தெரியும்னா, மக அங்க நர்ஸா இருக்கா, பிரசவத்துக்குத் துணையா நானும் வீட்டம்மாவும் போய் விசா முடியற வரைக்கும் மூணு மாசம் இருந்துட்டு வந்தோம், அதுல அந்தக் கோயிலுக்கு மட்டும் நாலு தடவை போயிட்டேன். பேரனைத் தூங்க வெச்சிட்டு பொழுது போகலைன்னா அங்கதான்.

முதல்ல தப்பைச் சொல்லிடறேன். அது கதீட்ரல் இல்லை, அதாவது பிஷப்போட தலைமைக் கோயில் இல்லை. கார்மேல்ங்கற கத்தோலிக்கத் துறவற சபையோட வொயிட்ஃப்ரையர் ஸ்ட்ரீட் கோயில், அவ்வளவுதான். டப்ளின்ல கதீட்ரல் விஷயமே ஒரு வேடிக்கை. கிரைஸ்ட் சர்ச், செயின்ட் பாட்ரிக்ஸ்னு நடுக்காலத்துக் கதீட்ரல் ரெண்டு நிக்குது, ரெண்டுக்கும் டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள போகணும், ரெண்டுமே இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி ரோம்ல இருக்கற போப்போட சண்டை போட்டுப் பிரிஞ்ச பிறகு அந்தப் பக்கம் போனதுதான், இன்னிக்கும் சர்ச் ஆஃப் அயர்லாந்து கையில, அதாவது புராட்டஸ்டன்ட் சபை கையில இருக்கு. ஊர்ல முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கரா இருந்த காலத்துலயும் அவங்களுக்குன்னு கதீட்ரல் கிடையாது. மார்ல்பரோ ஸ்ட்ரீட்ல 1825-ல திறந்த செயின்ட் மேரிஸ் கோயிலை "ப்ரோ கதீட்ரல்"னு வெச்சு ரெண்டு நூற்றாண்டை ஓட்டினாங்க. நம்ம பக்கம் நிரந்தரமா ஆள் போடாம பொறுப்பு தாசில்தார்னு போட்டு வண்டியை ஓட்டுவாங்க பாருங்க, அந்த மாதிரி பொறுப்பு கதீட்ரல். ஆக கதீட்ரல்ங்கற வார்த்தையை அந்த ஊர்ல சும்மா தூக்கிப் போடக்கூடாது, அவங்களுக்கு அது வலிக்கற இடம்.

ரெண்டாவது தப்பு வாலண்டைன் உடம்பு முழுசா அங்க இருக்குன்னு எழுதினது. அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல கோயிலைக் கண்டுபிடிச்ச கதையைச் சொல்லணும்.

மக வீட்டுல இருந்து லுவாஸ் பிடிச்சு, அங்க டிராமை லுவாஸ்னுதான் சொல்லணும், செயின்ட் ஸ்டீஃபன்ஸ் க்ரீன்ல இறங்கி நடந்தா பத்து நிமிஷம்தான்னு மாப்பிள்ளை சொல்லிவிட்டாரு. எனக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. கோயில்னா தூரத்துல இருந்தே கோபுரம் தெரியணும், கோபுரத்தைப் பாத்துக்கிட்டே நடந்தாப் போதும்ங்கறது என் கணக்கு. அந்தத் தெருவுல கோபுரமே இல்லை. சலூன், சாப்பாட்டுக் கடை, மாடியில ஆபீஸ், நடுவுல ஒரு கட்டடம், அதையும் ஏதோ பள்ளிக்கூடம் போலன்னு நினைச்சு ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டேன். மழை வேற, குடையைக் காத்து திருப்பிப் போடுது. கடைசியில ஒரு அம்மா கையில ஜெபமாலையோட அந்தக் கட்டடத்துக்குள்ள நுழையறதைப் பாத்து பின்னாடியே போனேன், உள்ள ஒரு நீளமான நடை, அதுலயும் சொரூபங்க, அதைத் தாண்டினா திடீர்னு பெரிய கோயில் விரியுது. தெருவுல நின்னுக்கிட்டு இருந்தா இவ்வளவு பெரிய கோயில் உள்ள ஒளிஞ்சிருக்குன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

ஒளிஞ்சிருக்குன்னு சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லலைங்க, காரணம் இருக்கு. அயர்லாந்தை இங்கிலாந்து ஆண்ட காலத்துல 1690-கள்ல இருந்து வரிசையா சட்டம் போட்டு கத்தோலிக்கர்களை ஒடுக்கினாங்க, நிலம் வாங்கக்கூடாது, ஓட்டு கிடையாது, பள்ளிக்கூடம் நடத்தக்கூடாது, மேற்றிராணியார்கள், அதாவது பிஷப்புங்க, நாட்டை விட்டே போகணும்னு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொடுத்தாங்க, ஆனா 1782-ல வந்த சலுகைச் சட்டத்துல கூட, கோபுரமோ மணியோ உள்ள கோயில்ல பூசை வைக்கற சாமியாருக்கு இந்தச் சலுகை கிடையாதுன்னு ஒரு ஷரத்து போட்டிருந்தாங்க. அதனால கட்டினதெல்லாம் சந்துல, கடைக்குப் பின்னாடி, தொழுவத்துக்குப் பக்கத்துல. ஜனங்களும் கோயிலை புனிதர் பேர் சொல்லிக் கூப்பிடாம தெருப் பேர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிட்டாங்க. இந்தக் கோயில் பேரு முறைப்படி உத்தரிய மாதா கோயில், டப்ளின்ல போய் அப்படிக் கேட்டா எத்தனை பேருக்குத் தெரியும்னு சந்தேகம்தான், வொயிட்ஃப்ரையர் ஸ்ட்ரீட்னா ஆட்டோக்காரன், அங்க ஆட்டோ இல்லை, டாக்ஸிக்காரன் கொண்டு போய் விட்டுடுவான். லிஃபி ஆத்தங்கரையில இன்னொண்ணு இருக்கு, பிரான்சிஸ்கன் சபையோடது, அதுக்கு ஆடம் அண்ட் ஈவ்ஸ்னு பேரு. ஏன்னு கேட்டா, அந்தக் காலத்துல அங்க ஆதாம் ஏவாள்னு பேர் வெச்ச ஒரு சாராயக்கடை இருந்துச்சாம், ஜனங்க குடிக்கப் போற மாதிரி உள்ள போய் பின்னாடி ரகசியமா பூசை கண்டுட்டு வருவாங்களாம். சாராயக்கடைப் பேரே கோயிலுக்கு நிலைச்சிடுச்சு!

வொயிட்ஃப்ரையர் ஸ்ட்ரீட் கோயில் திறந்தது 1827 நவம்பர்ல. டேனியல் ஓ'கானல் போராடி கத்தோலிக்கர்களுக்கு பார்லிமென்ட்ல உக்கார உரிமை வாங்கினது 1829-ல, அதுக்கும் ரெண்டு வருஷம் முந்தியே இவங்க கட்டி முடிச்சிட்டாங்க. அந்த 1829 சட்டத்துலயும் ஒரு கொக்கி, துறவற சபைக்காரங்க எல்லாம் பேரைப் பதியணும், இனிமே புதுசா யாரையும் சேர்க்கக்கூடாதுன்னு. அதாவது இருக்கறவங்க செத்தா சபையே முடிஞ்சு போகட்டும்னு கணக்கு. நல்லவேளை அதை யாரும் அமல்படுத்தலை. கட்டடத்துக்கு பிளான் போட்டவரு ஜார்ஜ் பாப்வொர்த், இவரே அடுத்த வருஷம் லிஃபி ஆத்து மேல ஒரு இரும்புப் பாலம் முடிச்சாரு, இப்ப ஷான் ஹூஸ்டன் பாலம்னு பேரு, ரெட் லைன் லுவாஸ் அது மேலதான் போகுது, நாங்க எத்தனையோ தடவை அதுல போயிருக்கோம், ஊருக்கு வந்தப்புறம்தான் இந்த சம்பந்தமே தெரிஞ்சுது.

சரி, வாலண்டைனுக்கு வரேன். ஒரு பக்கத்துல அவருக்குன்னு சின்ன பீடம். மேல அவரோட சொரூபம், ஐரீன் ப்ரோங்கற அம்மா செதுக்கினது, வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிரை விட்டவருங்கறதால சிவப்பு அங்கி, கையில குரோக்கஸ் பூ. கீழ இரும்புக் கம்பிக்குப் பின்னாடி கருப்பும் தங்கமுமா ஒரு பேழை. அந்தப் பேழைக்குள்ள இன்னொரு மரப்பெட்டி, ரிப்பன் கட்டி அரக்கு முத்திரை வெச்சது, அதைப் பிரிக்கறதில்லை. இப்படிப் பாதுகாத்து வெக்கற புனிதரோட எலும்பு மாதிரி மிச்சத்தை அருளிக்கம்னு எங்க பாட்டி காலத்துல சொல்லுவாங்க, இப்ப திருப்பண்டம்ங்கறாங்க. கம்பி எதுக்குன்னு முதல்ல எனக்கு கோபம்கூட வந்துச்சு, அப்புறம் மக சொன்னா, கிரைஸ்ட் சர்ச் கதீட்ரல்ல புனித லாரன்ஸ் ஓ'டூலோட இதயத்தை ஒரு கூண்டுக்குள்ள வெச்சிருந்தாங்க, 2012-ல அதையே யாரோ திருடிட்டுப் போயிட்டாங்க, ஆறு வருஷம் கழிச்சு 2018-ல ஃபீனிக்ஸ் பார்க்ல கிடைச்சுதுன்னு. அதைக் கேட்டப்புறம் கம்பி போட்டது சரிதான்னு பட்டுது.

பெட்டியோட ரோம்ல இருந்து வந்த கடிதத்துல வாலண்டைனோட உடல், கூடவே அவர் ரத்தம் தோய்ஞ்ச ஒரு சின்னப் பாத்திரம்னு எழுதியிருக்கு. அதை வெச்சுத்தான் உங்க ஆளு முழு உடம்புன்னு எழுதிட்டாரு போல. ஆனா ரோம்ல சாந்தா மரியா இன் காஸ்மெதின் கோயில்ல ஒரு மண்டை ஓடு வாலண்டைனோடதுன்னு வெச்சிருக்காங்க, பொய் சொன்னா கையைக் கடிக்கும்னு சொல்லுவாங்களே அந்தக் கல் முகம் இருக்கற கோயில்தான் அது. இத்தாலியில தெர்னிங்கற ஊர்க்காரங்க அவரு எங்க ஊர் மேற்றிராணியாருங்கறாங்க, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ கோயில்லயும் ஒரு பெட்டி இருக்கு. வாலண்டைன் ஒருத்தரா ரெண்டு பேராங்கறதே தகராறு. இவ்வளவு குழப்பம் இருக்கறதாலதான் 1969-ல திருச்சபை பொது காலண்டர்ல இருந்து அவர் திருநாளையே எடுத்துட்டாங்க, புனிதர் பட்டியல்ல பேர் இருக்கு, அவ்வளவுதான். அதுக்காக பெட்டி முன்னாடி நின்னப்ப எனக்கு பக்தி குறைஞ்சிடலை, அது வேற விஷயம். ஆனா பேப்பர்ல அச்சுல போடறப்ப "ஒரு பகுதி"ன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம்.

அந்தப் பீடத்துகிட்ட ஒரு நோட்டு வெச்சிருக்காங்க, வர்றவங்க மன்றாட்டு எழுதிட்டுப் போறதுக்கு. பிப்ரவரி 14 அன்னிக்கு பேழையை வெளியில எடுத்து பெரிய பீடத்துக்கு முன்னாடி வெச்சு பூசை நடக்குமாம், கல்யாணம் நிச்சயம் பண்ணினவங்க மோதிரத்தை மந்திரிச்சுக் கொடுப்பாங்களாம். நாங்க போனது மே மாசம், கூட்டமே இல்லை. அடுத்தவங்க எழுதினதைப் படிக்கக்கூடாதுதான், இருந்தாலும் திறந்த பக்கத்துல ஒரு வரி கண்ணுல பட்டுடுச்சு, யாரோ தள்ளாத கையெழுத்துல, இந்த வருஷமும் அவளுக்கு என்னை அடையாளம் தெரியணும்னு. நான் சட்டுனு கண்ணை எடுத்துக்கிட்டேன். காதலர் தினம்னா சின்னப் பசங்க சமாச்சாரம்னு நாம பேசிக்கிட்டு இருக்கோம். என் வீட்டம்மாவும் பேனாவை வாங்கி என்னமோ எழுதினா, என்ன எழுதினன்னு கேட்டதுக்கு "உங்களைப் பத்தித்தான், பேசாம வாங்க"ன்னுட்டா.

இதெல்லாம் சொல்றேனே, இந்தப் பெட்டியை டப்ளினுக்குக் கொண்டு வந்தது யாரு? ஜான் ஸ்ப்ராட்னு ஒரு கார்மேல் சபை சாமியார். உங்க கட்டுரையில அந்தப் பேரே இல்லை. என் கோபம் முக்காலே மூணு வீசம் அதுக்குத்தான்.

ஸ்ப்ராட் டப்ளின்காரரு, 1796-ல பிறந்தவரு, ஸ்பெயின் போய் கோர்டோபாவுல படிச்சிட்டுத் திரும்பினாரு. அந்தப் பக்கம் அப்ப ஏழைங்க குடியிருந்த தெருக்கள், நெசவு படுத்துப்போய் வேலை இல்லாம ஜனங்க பட்டினி. இவரு பள்ளிக்கூடம் நடத்தினாரு, அநாதைப் பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டாரு, ராத்திரி தங்க இடம் இல்லாதவங்களுக்கு ஒரு விடுதி ஏற்படுத்தினாரு, குடிகாரங்களைப் பிடிச்சு வெச்சு இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினாரு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, ஆயிரக்கணக்குல. வாங்கின ஊரு டப்ளின்ங்கறதையும் சேர்த்துப் பாருங்க, அவரு கோயில்ல இருந்து நடந்து போற தூரத்துல கின்னஸ் பீர் ஃபேக்டரி! உங்க கட்டுரையில கின்னஸுக்கு ஒரு பத்தி முழுசா இருக்கு, அதைக் குடிக்காதேன்னு சொன்ன மனுஷனுக்கு இடம் இல்லை.

நல்லா பிரசங்கம் பண்ணுவாராம். 1835-ல ரோமுக்குப் போனப்ப அங்க யேசு சபையோட பெரிய கோயில்ல பிரசங்கம் வெக்கச் சொன்னாங்க, கேட்டு ஊரே அசந்து போச்சு, பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்து பரிசு கொடுத்தாங்க, போப்பாண்டவர் பதினாறாம் கிரகோரி கொடுத்ததுதான் இந்தப் பெட்டி. அந்தக் காலத்துல ரோம்ல பூமிக்கடியில இருக்கற பழைய கல்லறைகள்ல இருந்து எடுத்து இப்படி வெளிநாட்டுக் கோயில்களுக்குக் கொடுக்கறது வழக்கம்தான். 1836 நவம்பர் 10-ஆம் தேதி டப்ளின் வந்து சேர்ந்துச்சு, பேராயர் மரே ஆண்டகை முன்னாடி நின்னு வாங்க, பவனியாக் கொண்டு வந்து வெச்சாங்க. 1871-ல ஸ்ப்ராட் செத்துப்போனதும் கதை மாறிடுச்சு. அதைப் பத்தி அக்கறைப்பட ஆள் இல்லை, பெட்டி ஸ்டோர் ரூமுக்குப் போயிடுச்சு. உலகம் பூரா வாலண்டைன் பேர்ல கார்டும் சாக்லேட்டும் வித்துக்கிட்டு இருக்கு, இங்க அவரு எலும்பு தட்டுமுட்டு சாமானோட கிடக்குது. அப்புறம் 1950, 60-கள்ல கோயிலைப் புதுப்பிச்சப்பதான் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்து இப்ப இருக்கற பீடம் கட்டினாங்க.

இன்னொண்ணு கேளுங்க. கோயில் இருக்கற அந்த மனையே ஒரு கதை. கார்மேல் சபைக்காரங்க பழுப்பு அங்கிக்கு மேல வெள்ளைப் போர்வை போடறவங்க, அதான் வொயிட்ஃப்ரையர்னு பேரு. 1270-கள்ல டப்ளின் வந்து அதே இடத்துலதான் மடம் கட்டியிருந்தாங்க. 1539-ல எட்டாம் ஹென்றி மடத்தையெல்லாம் மூடினப்ப இதுவும் போச்சு, நிலம் கை மாறி கை மாறி எங்கயோ போயிடுச்சு. இவங்க சந்து சந்தா ஒதுங்கி இருந்துட்டு கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் கழிச்சு ஸ்ப்ராட் காலத்துல அதே நிலத்துக்கே திரும்பி வந்து கட்டினாங்க. நம்ம ஆளுங்க பாட்டன் சொத்து கேஸ் நாப்பது வருஷம் நடந்தாலே சலிச்சுப் போயிடறாங்க.

ஆனா நான் நாலு தடவை போனது வாலண்டைனுக்காக இல்லை. மாதாவுக்காக.

முதல் தடவை போனப்ப வாலண்டைனைப் பாத்துட்டுக் கிளம்பிட்டேன். வெளியில வர்ற வழியில மெழுகுவர்த்தித் தட்டை சுரண்டிக்கிட்டு இருந்த ஒரு பெரியவரு என்னைப் பாத்து என்னமோ கேட்டாரு. அவரு பேசற இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, நான் பேசறது அவருக்கு அதுவும் புரிஞ்சிருக்காது, சட்டையைப் பிடிக்காத குறையா இழுத்துட்டுப் போய் ஒரு சொரூபத்துக்கு முன்னாடி நிக்க வெச்சாரு. ஆள் உசரத்துக்கு மாதா, கையில குழந்தை, தலையில கிரீடம், முழுசும் ஓக் மரம், கருத்துப் போன மரம். டப்ளின் மாதான்னு பேரு. பெரியவரு சொன்னதுல எனக்கு "பிக்"குங்கற வார்த்தை மட்டும் தெளிவா காதுல விழுந்துச்சு. மாதாவைக் காட்டி பன்னின்னு சொல்றாரே இந்த மனுஷன்னு திடுக்குன்னு ஆயிடுச்சு. வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டு, அவ தேடிப் படிச்சுச் சொன்னப்புறம்தான் விளங்குச்சு.

அந்த சொரூபம் கிட்டத்தட்ட 500 வருஷத்துக்கு முந்தினது, டப்ளின்ல செயின்ட் மேரிஸ் ஆபின்னு சிஸ்டர்சியன் சபையோட பெரிய மடம் இருந்துச்சு, அங்க இருந்ததுன்னு நம்பறாங்க. அந்த மடத்தையும் 1539-ல மூடிட்டாங்க. சொரூபங்களை எல்லாம் எரிக்கச் சொன்ன காலம். இதை எப்படியோ எரிக்காம விட்டுட்டாங்க, வழிவழியா சொல்ற கதை என்னன்னா, யாரோ இதைக் கொண்டு போய் ஒரு சத்திரத்து முற்றத்துல குப்புறப் போட்டு, பின்பக்கம் குடைஞ்சிருந்த பள்ளத்துல பன்னிக்குக் கழனித் தண்ணி ஊத்தற தொட்டியா வெச்சிருந்தாங்களாம். கேட்டதும் எல்லாரும் கட்டுக்கதைன்னுதான் சொல்லுவாங்க. எங்க அப்பா தச்சு வேலை பார்த்தவரு, சின்ன வயசுல அவர்கூட நின்னு நானும் கொஞ்சம் கத்துக்கிட்டேன், அதனால சொல்றேன், ஒரே மரத்துல பெரிய உருவம் செதுக்கினா பின்னாடி குடைஞ்சுதான் விடுவாங்க, இல்லைன்னா மரம் காயறப்ப வெடிச்சிடும். ஆக தொட்டிக்குன்னு தனியா ஒரு வேலையும் பண்ண வேண்டியதில்லை, குப்புறப் போட்டா தொட்டி ரெடி. யாரோ ஒரு புத்திசாலி கெட்ட எண்ணத்துலயா பண்ணினான், இல்லை ஓக் மரம் வீணாப் போகுதேன்னு பண்ணினானா, இல்லை ஒளிச்சு வெக்கறதுக்கே அப்படிப் பண்ணினானான்னு நான் ரெண்டு நாள் யோசிச்சேன். ராணுவம் தேடி வந்தா பன்னித் தொட்டியை யாரு புரட்டிப் பாக்கப் போறா? இது என் யூகம்தான், எந்தப் புத்தகத்துலயும் இல்லை.

அப்புறம் 1824-ல ஸ்ப்ராட், அவரேதான், கோயில் கட்டறதுக்கும் முந்தி, கேப்பல் ஸ்ட்ரீட் வழியா போறப்ப ஒரு பழைய சாமான் கடையில இது கிடக்கறதைப் பாத்து வாங்கிட்டு வந்தாரு. எவ்வளவு கொடுத்தாரோ. கடைக்காரனுக்கு விறகு விலை கிடைச்சிருந்தாலே லாபம்னு நினைச்சிருப்பான். அந்த மடம் இருந்த இடம் கேப்பல் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துலதான், அப்ப முந்நூறு வருஷத்துல அந்த சொரூபம் போன தூரம் ரெண்டு தெரு! ரெண்டு தெருவுக்குள்ளயே பீடத்துல இருந்து பன்னிக்கொட்டாய், அங்கிருந்து பழைய சாமான் கடை.

ரெண்டாவது தடவை போய் அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். மாதா முகத்துல சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை, வேலை நேரத்துல யாராவது கூப்பிட்டா திரும்பிப் பாக்கற பொம்பளை மாதிரி ஒரு பார்வை. சாயம் பூசி நகை மாட்டின சொரூபங்களைப் பாத்துப் பழகின எனக்கு அந்த வெறும் மரம் என்னமோ செஞ்சுது. பக்கத்துல ஃபிலிப்பைன்ஸ்காரப் பொண்ணு ஒண்ணு யூனிஃபார்ம் மேல கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து மண்டியிட்டுது, நைட் டியூட்டி முடிச்சு வருது போல, அப்படியே தூங்கிடுச்சு. எழுப்பலை.

கோயில்ல ஜனம் பத்தியும் சொல்லணும். உங்க கட்டுரையில "பக்தர்கள் அலைமோதுகிறார்கள்"னு இருக்கு, பிப்ரவரி 14-ஐ விட்டுட்டுப் போய்ப் பாருங்க. வார நாள் பூசையில பாதிக்கு மேல நரைச்ச தலை, மீதி எங்கள மாதிரி வந்தேறிங்க, ஃபிலிப்பைன்ஸ், பிரேசில், கேரளா. 1970-கள்ல அந்த நாட்டுக் கத்தோலிக்கர்கள்ல பத்துல ஒம்போது பேர் வாராவாரம் பூசைக்குப் போனவங்க. 2022 மக்கள் தொகைக் கணக்குல கத்தோலிக்கர்னு எழுதிக் கொடுத்தவங்களே 69 சதவீதம்தான், 2016-ல 79 இருந்துச்சு. ஆறு வருஷத்துல பத்து. ஏன்னு மகளோட வேலை பாக்கற ஐரிஷ் பொண்ணுகிட்ட மக கேட்டாளாம், அந்தப் பொண்ணு "எங்க அம்மாவைக் கேளு, அவங்க போறதை நிறுத்தினது 2009-ல"ன்னு மட்டும் சொல்லுச்சாம். 2009-ல தான் ரையன் அறிக்கை, மர்ஃபி அறிக்கைன்னு ரெண்டும் வந்துச்சு, சபைகள் நடத்தின விடுதிகள்ல பிள்ளைங்களை என்ன பண்ணினாங்க, டப்ளின் மறைமாவட்டத்துல புகார் வந்த சாமியார்களை எப்படி மூடி மறைச்சாங்கன்னு அரசாங்கமே விசாரிச்சு வெளியிட்டது. நான் கத்தோலிக்கன்தான், ஆனாலும் அந்த அம்மா போறதை நிறுத்தினது தப்புன்னு என்னால சொல்ல முடியலை. அந்தக் காலத்துல ஆட்சியில இருந்தவங்க சட்டம் போட்டு கோபுரத்தைத் தடுத்தப்ப கோயில் நிறைஞ்சிருந்துச்சு, இப்ப யாரும் தடுக்கலை.

மத்தபடி உங்க வாசகர்கள் யாராவது போனா தெரிஞ்சுக்கட்டும்னு ரெண்டு விஷயம். உள்ள போக டிக்கெட் கிடையாது, மெழுகுவர்த்திக்குக் காசு போட்டாப் போதும். புனித ஆல்பர்ட் பேர்ல ஒரு கிணறும் உள்ளயே இருக்கு, ஆகஸ்ட் 7 அவர் திருநாள் அன்னிக்கு தண்ணியை மந்திரிச்சுக் கொடுப்பாங்க, காய்ச்சலுக்கு நல்லதுன்னு ஜனங்க பாட்டில்ல பிடிச்சுட்டுப் போவாங்களாம், நாங்க ஜூலைலயே திரும்பிட்டதால பாக்கலை. பூசை நடக்கறப்ப போட்டோ எடுத்துக்கிட்டு பெட்டி முன்னாடி செல்ஃபி போஸ் கொடுக்காதீங்க, எனக்கு முன்னாடி ஒரு ஜோடி அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, நம்ம ஊர் ஜோடிதான், எனக்கே கூச்சமாப் போச்சு.

நான் கேக்கறது இவ்வளவுதான் ஐயா. அடுத்த பிப்ரவரி 14-க்கு நீங்க எப்படியும் வாலண்டைன் கதை போடத்தான் போறீங்க, தடுக்க முடியாது. அதுல ஸ்ப்ராட் சாமியார் பேரை ஒரு தடவையாவது போடுங்க, ஹார்ட் படத்துக்குப் பதிலா அந்த கருத்த ஓக் மர மாதா படத்தைப் போடுங்க. படம் இல்லைன்னா சொல்லுங்க, என்கிட்ட மூணு இருக்கு, ஒண்ணுல மட்டும் என் கட்டை விரல் விழுந்திருக்கும்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை 31 வருஷமா வாங்கற ஒரு வாசகன்

பி.கு.: அந்தக் கோயில் வாசல் இருக்கற தெருவை "அங்கியர் தெரு"ன்னு போட்டிருந்தீங்க. எழுத்தைப் பாத்தா அப்படித்தான் படிக்கத் தோணும், நானும் முதல்ல அப்படித்தான் வழி கேட்டேன், ஒருத்தருக்கும் புரியலை. அங்க அதை "ஏஞ்சர் ஸ்ட்ரீட்"னுதான் சொல்றாங்க. திருத்தம் போடுங்க, இல்லைன்னா உங்க பேப்பரை நம்பிப் போறவங்களும் மழையில நாப்பது நிமிஷம் அலையணும்.